‘வரலாம்’ என்று சொன்ன வரி

கடைசியில் ஒரே ஒரு பிழைதான் மிச்சம் இருந்தது. அதில் மட்டும் யாரோ பேசுவதுபோல் இருந்தது.

மற்றவை எல்லாம் இயந்திரம் பேசிய பிழைகள். காலையிலிருந்து லாவண்யா அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த வேலை பிடிக்கும். ஒரு மென்பொருளை ஆயத்தமாக இறக்கிக்கொள்ளாமல், யாரோ எழுதிய மூல வரிகளிலிருந்தே கட்டி எழுப்பும்போதுதான் அது எதனால் ஆனது என்பது தெரியும். எந்த மென்பொருளும் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதில்லை. பூட்டுப் போடத் தெரிந்த ஒரு லைப்ரரி, சுருக்கி மடிக்கத் தெரிந்த ஒரு லைப்ரரி, வெளியாட்களோடு பேசத் தெரிந்த ஒரு லைப்ரரி என்று பிறர் எழுதிவைத்த துண்டுகளைத் துணைக்கு அழைக்கும். வந்த துணை தனக்கொரு துணை கேட்கும். அதுவும் இந்த வயதுள்ளதுதான் வேண்டும், இதைவிடப் புதியது ஆகாது என்று அடம்பிடிக்கும். ஒன்றைச் சமாதானப்படுத்தினால் இன்னொன்று முறுக்கிக்கொள்ளும். பொறுமையாக உட்கார்ந்தால் எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிடும் என்பது அவள் அனுபவம்.

அது ஒரு பழைய பிளாக்செயினின் நோடு. பிளாக்செயின் என்பது ஒரே பதிவைப் பல இயந்திரங்கள் ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொண்டு, ஒன்றை ஒன்று கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அப்படி ஒரு பிரதியை வைத்திருக்கும் இயந்திரம்தான் நோடு. தன்னோடு பேசும் மற்ற நோடுகளை அது பியர் என்று எண்ணும். இந்தச் செயினைப் பெங்களூரில் யாரோ சிலர் பல வருடங்களுக்கு முன் எழுதி, கொஞ்ச நாள் ஓட்டி, கைவிட்டிருந்தார்கள். உலகத்தில் எங்குமே இதன் நோடு ஒன்றுகூட இப்போது ஓடவில்லை. ஒரு கிளையண்டுக்கு அதில் இருந்த பழைய பதிவு ஒன்று படிக்கக் கிடைக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கில் பிரதி இருந்தது. படிக்கத்தான் நோடு இல்லை. “ஒரு தடவை உயிர் குடுத்து எழுப்பு, படி, அணைச்சுடு. அவ்ளோதான்மா,” என்று டீம் லீடர் கிளிஃபர்ட் மூல வரிகளை அவளுக்கு அனுப்பியிருந்தார்.

வீடு சந்தாபுராவில், ஆனேக்கல் ரோட்டிலிருந்து உள்ளே வளையும் ஒரு சந்தில் இருந்தது. முதல் மாடி. படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி, மேலே கூரை இல்லாமல் ஏறும். யார் ஏறினாலும் அந்தக் காலடி ஹால் சுவருக்குள்ளேயே நடப்பதுபோல் கேட்கும். கல்யாணமாகி திருப்பத்தூரிலிருந்து வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்கு லாவண்யா விழித்து விழித்து எழுந்திருக்கிறாள். கணவன் பாலகுமார் சிரிப்பான்; ஆனால் கேலி செய்துவிட்டு, கீழ் வீட்டு ஓனர் குடும்பம் ஊரில் இல்லாத நாட்களில் இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்று வாக்கும் கொடுத்திருந்தான். ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. கம்பெனி பஸ் அவனைச் சந்தாபுரா சர்க்கிளில் இறக்கிவிடும். இந்த ஊரில் அவளுக்கு அவனைத் தவிர வேறு யாரும் இல்லை. ஓனர் குடும்பம் இப்போது திருப்பதியில் இருந்தது. மழையும் பிடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் அவன் போன் செய்தபோதும் இந்த வேலையில்தான் இருந்தாள்.

“என்ன லாவி, பியர் வந்துச்சா?”

“வரலைங்க. வரவும் வராது. இந்தச் செயின்ல நான் ஒருத்திதான்.”

“அய்யோ பாவம். தனியா உக்காந்து குடிக்கிற கேஸா நீ?”

“உங்க மூஞ்சி. அது பீர் இல்ல, பியர்.”

“எல்லாம் ஒரே எழுத்துதானே. பொழுதோட வந்துடறேன். படிக்கட்டு லைட்ட மட்டும் போட்டு வை.”

அந்தச் சிரிப்போடுதான் அவள் மறுபடி திரைக்குத் திரும்பினாள். மேஜைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே விசிறி மூச்சுவாங்கச் சுழன்று, சூடான தூசியின் வாசனையை அவள் கால்மேல் ஊதிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான வரிகள் ஓடி முடிந்தன. எல்லாக் கோப்புகளும் தனித்தனியாகக் கட்டப்பட்டுவிட்டன. இனி அவற்றை ஒன்றாக இணைக்கும் கட்டம். இதை லிங்க்கர் என்ற நிரல் செய்யும். அறைகளைத் தனித்தனியாகக் கட்டிவிட்டுக் கடைசியில் ஒன்றோடு ஒன்று பொருத்துவதுபோல. ஓர் அறையில் ஒரு கதவு இருக்கிறது என்றால், அது திறக்கும் அடுத்த அறை எங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் லிங்க்கர் நின்றுவிடும்: இங்கே ஒரு பெயர் அழைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் எங்கும் யாரும் இல்லை.

அப்படித்தான் நின்றது. அழைக்கப்பட்ட பெயர் ஆங்கில எழுத்துகளில் இருந்தது: naale_ba.

லாவண்யா அதை உரக்கப் படித்தாள். “நாலே பா.”

படித்ததும் சிரிப்பு வந்தது. எழுதியவர்களில் ஒருவர் தமிழ் ஆள்போல. நாலே நாலுதான்ப்பா என்று யாரோ கையை விரித்துச் சொல்வது காதில் கேட்டது. அந்தப் பெயரை அழைத்த இடத்தைத் தேடிப் போனாள். புதிய பியர் ஒன்று கதவைத் தட்டும்போது, உள்ளே விடலாமா என்று நோடு இந்த நாலே_பாவைக் கேட்கிறது. ஆம் என்று பதில் வந்தால் கதவு திறக்கும். சரிதான். நாலு பேருக்கு மேல் விடாதே என்பது ஏற்பாடு. கூட்டம் சேர்ந்தால் நோடு திணறும், அதனால் வரம்பு வைப்பது வழக்கம்தான். இதைச் செய்யும் குட்டி லைப்ரரி எந்த முகவரியில் இருந்ததோ அந்த முகவரி இப்போது செத்துப்போயிருந்தது. தேடினாள். பிரதிகூட எங்கும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் லேசாக உறுத்தியது. வரம்பு வைக்கும் வேலைக்கு நோடின் மற்றோர் இடத்தில் ஏற்கெனவே வரிகள் இருந்தன. அப்புறம் எதற்கு இது தனியாக, தனி லைப்ரரியாக? மற்ற எல்லாத் துண்டுகளிலும் எழுதியவர்கள் விளக்கக் குறிப்பு வைத்திருந்தார்கள். இங்கே ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் எல்லா புரோகிராமர்களும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. காணாமல்போன துண்டு சின்னதாக இருந்தால், அதே பெயரில் ஸ்டப் என்று தாங்களே ஒரு பொம்மைத் துண்டை எழுதி லிங்க்கரின் வாயை அடைப்பார்கள். அவளும் எழுதினாள். வந்திருப்பவர்கள் நாலு பேருக்குள் என்றால், வரலாம். அதற்கு மேல் என்றால், கூடாது. சேமித்தாள். மறுபடி ஓட்டினாள்.

பிழை இல்லை.

விசிறி ஒரே மூச்சில் அடங்கியது. அது அடங்கிய பிறகுதான் மழைச் சத்தம் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது தெரிந்தது. ஜன்னல் கம்பியில், தண்ணீர்த் தொட்டியின் மூடியில், ஓனர் பைக்குக்குப் போட்டிருந்த தார்ப்பாயில், ஒவ்வொன்றிலும் ஒரு சுருதியில். தூரத்தில் ஓசூர் ரோட்டு லாரிகள் ஈரத்தைக் கிழித்துப் போயின. வெளிச்சம் மங்கி, ஹாலின் மூலைகள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டிருந்தன. படிக்கட்டு விளக்கைப் போட்டுவிட்டு வந்து நோடை எழுப்பினாள். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மெதுவாக ஏறின. பியர்கள்: பூஜ்யம். எதிர்பார்த்ததுதான்.

ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்துவிட்டுப் பார்த்தபோது, ஒன்று என்று இருந்தது.

முதலில் தன் மேல்தான் சந்தேகப்பட்டாள். சில நோடுகள் தங்களைத் தாங்களே பியராக எண்ணிக்கொள்ளும் பிழை உண்டு. சரிபார்த்தாள், இல்லை. பிறகு இணையத்தில் சுற்றும் தானியங்கி நிரல்கள்மேல். அவை திறந்த கதவையெல்லாம் தட்டிப் பார்க்கும். ஆனால் ஒவ்வொரு செயினுக்கும் தனக்கென்று ஒரு வணக்கம் இருக்கிறது. அதைச் சரியாகச் சொன்னால்தான் பேச்சே தொடங்கும். வந்தது அந்த வணக்கத்தை எழுத்துப் பிசகாமல் சொல்லியிருந்தது. உலகத்தில் யாரும் ஓட்டாத ஒரு செயினின் வணக்கத்தை.

அப்படியென்றால் கிளிஃபர்ட். அவரிடம்தான் மூல வரிகள் இருக்கின்றன. அவளைச் சோதிக்கிறாரோ? புதிதாகச் சேர்ந்த பெண் கவனிக்கிறாளா என்று?

பிங் எவ்வளவு என்று பார்த்தாள். பிங் என்பது ஒரு செய்தி எதிராளியைத் தொட்டுத் திரும்ப எடுக்கும் நேரம். அதை வைத்துத் தூரத்தை ஒருவாறு சொல்லலாம். கடல் தாண்டியிருந்தால் கூடும், ஊருக்குள் இருந்தால் குறையும். இதில் ஓர் அழகு உண்டு. பதிலை வேண்டுமென்றே தாமதித்தால், பக்கத்தில் இருப்பவன் தூரத்தில் இருப்பதாகப் பொய் சொல்லலாம். தூரத்தில் இருப்பவன் பக்கத்தில் இருப்பதாகப் பொய் சொல்லவே முடியாது. செய்தியின் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதை யாரும் ஏமாற்ற முடியாது.

வந்தவரின் பிங் பூமியில் இருக்கக்கூடிய எந்தத் தூரத்தையும்விட அதிகமாக இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறைந்தது. ஒரு கடலின் அளவு. பிறகு ஒரு நாட்டின் அளவு. தாவவில்லை, குதிக்கவில்லை. நிதானமாக, ஒருவர் நடந்து வருவதுபோல், குறைந்துகொண்டே வந்தது. குறைத்துக் காட்டும் பொய் கிடையாது என்று சற்று முன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதை அவள் நினைத்தாள். அப்படியானால் எதுவோ உண்மையிலேயே நெருங்குகிறது.

எழுந்துபோய் ரூட்டரை அணைத்தாள். பச்சை விளக்குகள் செத்தன. கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து நெட்வொர்க் வயரையும் பிடுங்கினாள். வயர் நுனியைக் கையில் பிடித்தபடி திரையைப் பார்த்தாள்.

பியர்கள்: இரண்டு.

போனை எடுத்துக் கிளிஃபர்டை அழைத்தாள். மறுமுனையில் ஒரே இரைச்சல். கரண்டியால் தட்டும் சத்தம், உருதுவில் யாரோ ஆர்டர் சொல்லும் சத்தம்.

“கிளிஃபர்ட், நீங்க ஏதாச்சும் டெஸ்ட் நோடு ஓட்டுறீங்களா?”

“நானா? நான் இங்க பிரேசர் டவுன்ல கபாப் லைன்ல நிக்கிறேன்மா. மழைல இவன் வேற சொல்ப சொல்ப, இதோ கொஞ்சம்னு அரை மணி நேரமா நிக்க வெச்சிருக்கான். ஏன், பில்ட் ஆயிடுச்சா?”

“ஆச்சு. ஒரே ஒரு லைப்ரரி கிடைக்கல. நானே ஸ்டப் எழுதிட்டேன். நாலே பான்னு பேரு. நாலு பேருக்கு மேல விடாதேன்னு.”

“நாலே பாவா? அப்படி என்ன பேரு? ஸ்பெல் பண்ணு.”

அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். கடைசி இரண்டு எழுத்துக்கு வந்ததும் அவர் நிறுத்தினார்.

“பி-னா எந்த பி? பாம்பே பி-யா, புனே பி-யா?”

“பாம்பே.”

கபாப் கடையின் இரைச்சல் சற்றுத் தள்ளிப் போனது.

“அய்யோ,” என்றார் கிளிஃபர்ட். “அது தமிழே இல்ல. கன்னடா. நாலே இல்லமா, நாளே. நாளே பா. நாளைக்கு வா-ன்னு அர்த்தம்.”

தமிழுக்கு அந்த இரண்டு பி-க்கும் ஒரே எழுத்து. ஆங்கிலத்துக்கு ல-வுக்கும் ள-வுக்கும் ஒரே எழுத்து. இரண்டும் சேர்ந்து விரித்த இடைவெளியில் தான் விழுந்திருப்பதை லாவண்யா உணர்ந்தாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

“நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப ஊர் பூரா எழுதி வெச்சிருந்தாங்க,” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “வீட்டுக் கதவுல. ராத்திரி எதுவோ வந்து கதவத் தட்டுமாம். உனக்குத் தெரிஞ்சவங்க குரல்லயே கூப்புடுமாம். தொறந்தா முடிஞ்சுது கதை. அதுக்குத்தான் கதவுல நாளே பா. அது படிச்சுட்டு, சரின்னு போயிடும். எங்க வீட்டு ஆளுங்க தவறாம சர்ச்சுக்குப் போறவங்க, அவங்களே சாக்பீஸால எழுதினாங்கன்னா பாத்துக்கோ.”

“போகச் சொல்லணும்னா, வராதேன்னு எழுதலாமே?”

“வராதேன்னா கோவம் வரும்ல? நாளைக்குன்னா நம்பிப் போகும். மறுநாள் வரும், மறுபடி படிக்கும், மறுபடி போகும்.”

“எத்தனை நாளைக்கு?”

“எழுத்து அழியற வரைக்கும்.” அவர் யாருக்கோ வழிவிடுவது கேட்டது. “நோடு எழுதினவன் குசும்பன்தான். ஆமா, அதுக்குப் பதிலா நீ என்ன எழுதின?”

லாவண்யா பிடுங்கிய வயரைக் கீழே வைத்தாள்.

“வரலாம்னு.”

“எத்தனை பேருக்கு?”

அவர் கேலியாகத்தான் கேட்டார். அவள் திரையைப் பார்த்தாள். பியர்கள்: நான்கு. நால்வரின் பிங்கும் ஒரே எண்ணாக இருந்தது. ஊரின் அளவு. பிறகு சந்தின் அளவு.

நோடை நிறுத்தினாள். வரிகள் நின்றன. அதுவும் போதாமல் சுவரில் சுவிட்சை அணைத்தாள். திரை இருண்டது, விசிறி கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. போனில் கிளிஃபர்ட் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தாள். அணைத்தால் தீர்ந்தது என்று இருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு நோடுகளைத் தெரியும். வரலாமா என்ற கேள்வி வாசலில் ஒரே ஒரு முறைதான் கேட்கப்படும். பதில் கிடைத்தவரிடம் யாரும் மறுபடி கேட்பதில்லை.

கீழே, படிக்கட்டின் தொடக்கத்தில், ஒரு காலடி.

நின்றது.

இன்னொன்று. சுவருக்குள் நடப்பதுபோல். ஒரே ஆளின் நடைதான், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் அதே அடி இன்னொரு முறை, இன்னொரு முறை. எதிரொலி என்று நினைத்தாள். அந்தச் சுவரில் எதிரொலி வந்ததே இல்லை.

கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு. பாலா தட்டுவதுபோலவே.

“லாவி. கதவத் தொற.”

அவன் குரல். களைத்த, கொஞ்சம் சளி பிடித்த, அவளுடையவன் குரல். பயம் மொத்தமும் சட்டென்று கரைந்து கண்ணில் நீராக வந்தது. ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கதவின் அடிவழியே. வெளியே கொட்டுகிற மழையில் ஈர மண்ணும் சாக்கடையும் மணக்க வேண்டும். வந்ததோ உலர்ந்த தூசியின் வாசனை. வருடக்கணக்காகப் பூட்டிய அறையைத் திறந்தால் வருவது.

கையில் இருந்த போன் அதிர்ந்தது.

திரையில் பாலா என்று இருந்தது.

பின்னால் நகர்ந்து சுவரில் முதுகைச் சாய்த்து எடுத்தாள்.

“லாவி, சர்க்கிள்ல எறங்கிட்டேன். ஒரு ஆட்டோவும் இல்ல. குடையும் இல்ல. நடந்தே வரேன். சூடா எதுனா போட்டு வை.” அவன் குரலுக்குப் பின்னால் மழை, ஒரு லாரியின் ஹாரன், யாரோ கன்னடத்தில் திட்டுவது.

“ஏங்க,” என்றாள் கிசுகிசுப்பாக. “நீங்க எங்க இருக்கீங்க?”

“சொன்னேனே. சர்க்கிள்ல.”

“யாருகிட்டடி பேசுற?” என்றது கதவுக்கு வெளியே அதே குரல். அதன் பின்னால் மழை இல்லை. மழையிலேயே நின்றுகொண்டு பேசும் குரலின் பின்னால், மழையே இல்லை.

எதை நம்புவது? ஒரு நோடுக்குக் கண் கிடையாது. தன்னோடு பேசுகிறவர்கள் சொல்வதுதான் அதற்கு உலகம். பேசுகிற எல்லோரும் ஒரே பொய்யனின் பல முகங்களாக இருந்துவிட்டால், அதற்கு அது தெரியவே தெரியாது. கதவுக்கு வெளியே ஒரு குரல். போனில் ஒரு குரல். போனில் இருப்பவன் மட்டும் பாலா என்பதற்கு என்ன சாட்சி?

“ஏங்க, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காம சொல்லுங்க. காலைல டப்பால என்ன கட்டிக் குடுத்தேன்?”

“என்னது?” போனில் சிரித்தான். “புளிசாதம்னு சொல்லிக் குடுத்த. தொறந்தா தயிர் சாதம். பக்கத்து சீட்டு ஆளு சாப்பாட்ட மாத்தி எடுத்துட்டேனோன்னு பயந்துட்டேன்.”

அவன்தான். டப்பாவை மாற்றி வைத்தது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. நெஞ்சு லேசாகியது.

“புளிசாதம்னு சொல்லிக் குடுத்த,” என்றது கதவு. “தொறந்தா தயிர் சாதம்.”

அதே சிரிப்பு. சிரிப்பு முடியும் இடத்தில் அவனுக்கு வரும் அந்த மூச்சுகூட. பின்னால், சற்றுக் கீழிருந்து, இன்னொரு வாய்: “தொறந்தா தயிர் சாதம்.” அதற்கும் கீழிருந்து: “தயிர் சாதம்.”

லாவண்யாவுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் கொடுமை. நோடுகள் அப்படித்தான் இயங்கும். ஒன்றுக்குத் தெரிந்தது அடுத்ததற்குப் போகும், அடுத்ததிலிருந்து அதற்கடுத்ததற்கு. கடைசியில் எல்லாரிடமும் ஒரே பிரதி. யார் முதலில் சொன்னது என்ற தடயமே இருக்காது. அவள் கேட்கக் கேட்க, பாலா சொல்லச் சொல்ல, அவை அவனை எழுதிக்கொள்கின்றன.

இனி கேட்கக் கூடாது. அவன் பேசவே கூடாது. இங்கே வரவே கூடாது.

“ஏங்க, நீங்க இன்னைக்கு வீட்டுக்கு வராதீங்க.”

“என்ன?”

“வராதீங்க. திரும்பிப் போங்க. ஓசூர்லயே ஃப்ரெண்டு வீட்ல தங்கிக்கோங்க. நாளைக்கு வாங்க.”

“என்னடி விளையாடுற? தொப்பலா நனைஞ்சு நிக்கிறேன். நாளைக்கு வான்னா நான் எங்க போவேன்?”

“பேசாதீங்க. சொன்னாக் கேளுங்க. கால்ல விழறேன்.”

“ஏய், அழுறியா? யாராச்சும் வந்திருக்காங்களா? லாவி? இரு. இரு, ஓடி வரேன்.”

“வேணாம்—”

வைத்துவிட்டான். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. சர்க்கிளிலிருந்து ஓடினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று மனம் கணக்குப் போட மறுத்தது.

“வரலாம்னு சொன்னியே, லாவி,” என்றது கதவு. குற்றம் சாட்டவில்லை. பொறுமையாக, அன்பாக.

கதவுக்குப் பக்கத்தில் படிக்கட்டைப் பார்த்த ஒரு சின்ன ஜன்னல் உண்டு. திரைச்சீலையின் ஓரத்தை விலக்கினாள்.

படிக்கட்டு விளக்கின் மஞ்சளில் அவர்கள் நின்றார்கள். மேல் படியில் ஒருவன், அடுத்து ஒருவன், அடுத்து ஒருவன், அடுத்து ஒருவன். நாலே பேர். எல்லாரும் பாலா. காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டை. தோளில் டப்பா பை. தலையைச் சற்றே சாய்த்து, வரிசையில் காத்திருக்கும் ஆட்களைப்போல், அவசரமில்லாமல். மழை அவர்கள்மேல் விழுந்துகொண்டிருந்தது. படி ஓடையாக வழிந்தது. சட்டைகள் உலர்ந்திருந்தன. தலைமுடி உலர்ந்திருந்தது.

கீழே கேட் கிறீச்சிட்டது.

அவன் வந்துவிட்டான். தலைமேல் ஒரு பிளாஸ்டிக் கவர், முகமெல்லாம் தண்ணீர், மூச்சு இரைக்க. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முதல் படியில் கால் வைத்தவன் நிமிர்ந்து பார்த்தான். நின்றான்.

“லாவி,” என்றான். குரல் நடுங்கியது. “யாரும்மா இவங்கல்லாம்?”

நான்கு தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

லாவண்யாவுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நனைந்திருப்பவன்தான் பாலா. அது போதும். கதவைத் திறந்து, கையை நீட்டி, நனைந்தவனை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். தாழ்ப்பாளைத் தேடி அவள் கை போனது. கண்ணை அவனிடமிருந்து எடுக்கவில்லை. இமைக்கக்கூட இல்லை.

“லாவி,” என்றான் அவனுக்கு அடுத்த படியில் நின்றவன். நடுங்கும் குரல். “யாரும்மா இவங்கல்லாம்?”

“யாரும்மா இவங்கல்லாம்?” என்றான் அதற்கு மேல் படியில் நின்றவன்.

வரிசை கலைந்தது. ஒருவன் ஒரு படி ஏறினான், ஒருவன் ஒரு படி இறங்கினான், தோளோடு தோள் உரச, ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்து பின்வாங்கினார்கள். ஈரச் சட்டை. அவள் அதை மட்டும் பார்த்தாள். ஈரச் சட்டை. அங்கே. அது அவன்.

அவனுக்குப் பக்கத்தில் நின்றவனின் தோளில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. பெரிதானது. வழிந்தது. அடுத்தவன் தலைமுடி நெற்றியில் ஒட்டியது. அதற்கடுத்தவன் முகத்தைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டான். கீழ்ப்படியிலிருந்து மேல்நோக்கி, ஒருவர் பின் ஒருவராக, சட்டைகள் நனையத் தொடங்கின.